உள்ளிருந்து இரண்டு தட்டு

மார்ச் 6

தங்கைக்கு,

உன் அண்ணியிடம் சொல்லி அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. வியாபார வரியைக் குறைக்கப் போகிறார்கள், அதை முடிவு செய்கிற குழுவில் நீயும் இருக்கிறாய், அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவான் என்றாயாம். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இதை என்னிடம் ஒப்பித்தாள். ஒரு வருஷமாக நமக்கு நடுவில் தபால்காரி வேலை பார்த்து அவளுக்கும் அலுத்துவிட்டது. அதனால் நானே எழுதுகிறேன்.

போன் பண்ணியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அண்ணி வந்து பிடுங்கி வைத்துவிடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடைசி வரி வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து எனக்குக் கிடைக்காத பாக்கியம் இது.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. வரியை ஏற்றியபோதும் இதே குழுதான். இதே நீதான். அப்போது நீங்கள் போட்ட அறிக்கையைச் சங்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதில் ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை. "இக்கூடுதல் சுமையை நிறுவனங்கள் தங்கள் லாபத்திலிருந்து ஏற்றுக்கொள்ளும்." உன் கைவேலைதான் அது, எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாலும் இப்படித்தான் கடைசியில் ஒரு முத்திரை வாக்கியம் வைப்பாய்.

அன்றைக்குக் கிடங்கை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தேன். நிறுவனம் எங்கே இருக்கிறது என்று. மேலே ஒரு தகரப் பலகை இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறது. கீழே நான் நிற்கிறேன். மூன்று குளிரறைகள், ஒரு கம்ப்ரஸர், ஒரு எடைமேடை. சரக்கு ஏற்றி இறக்குகிற நாலைந்து பேர். குளிரறைக்கு உள்ளே சரக்கு அடுக்குகிற நம் கம்பளி. வெளியே அவருக்குக் காவலாகத் தட்டுக்காரர். இதில் யாரம்மா நிறுவனம்? தகரப் பலகைக்குப் பசிக்குமா, குளிருமா? சுமை என்று ஒன்றை இறக்கினால் அது ஒரு மனுஷன் மேல்தானே போய் இறங்கும்?

இறங்கியது. யார்மேல் என்று உனக்குத் தெரியும். கம்பளி செத்ததற்கு நீ வரவில்லை.

இப்போது மறுபடியும் ஏதோ செய்யப் போகிறீர்கள். செய்யுங்கள். ஆனால் எனக்கு நல்ல செய்தி என்று மட்டும் சொல்லி அனுப்பாதே.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

நீ சொன்னதுபோலவே கடைசி வரி வரைக்கும் வாயைத் திறக்காமல் படித்தேன். இப்போது உன் முறை.

அந்த வாக்கியம் என்னுடையதுதான். அதை எழுத எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது தெரியுமா? உன்னிடமிருந்துதான். உன்னைப் போன்றவர்களிடமிருந்து. வரியை ஏற்றும் முன் எல்லா வியாபாரிகளுக்கும் கேள்விகள் அனுப்பினோம். வரி கூடினால் என்ன செய்வீர்கள்? விலையை ஏற்றுவீர்களா, ஆட்களைக் குறைப்பீர்களா, லாபத்தில் கழித்துக்கொள்வீர்களா? உன் கிடங்கிலிருந்து வந்த பதிலை நானே பார்த்தேன். உன் கோணல் கையெழுத்து எனக்குத் தெரியாதா? "லாபத்தில் கழித்துக்கொள்வோம். ஆட்களைக் குறைக்க மாட்டோம்." அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உன்னைப் போலவே எல்லோரும் எழுதியிருந்தார்கள். நான் அதைக் கூட்டி ஒரே வாக்கியமாக்கினேன். அது பொய் என்றால் அதில் பாதி உன் கையெழுத்து.

சாவுக்கு வராததைச் சொல்கிறாய். வரும் தைரியம் எனக்கு இல்லை. அவ்வளவுதான். கம்பளி எனக்கு யாரோ ஒருவர் இல்லை. கல்லூரி விடுமுறையில் கிடங்குக்கு வந்தால், குளிரறையிலிருந்து வெளியே வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக வருவார். "பாத்தியா பாப்பா, உள்ள போயிட்டு வந்தா கிழவனாயிடறேன், வெயில்ல நின்னா மறுபடி வாலிபனாயிடறேன்" என்பார். சித்திரை வெயிலிலும் அந்தப் பழைய கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டார். அவர் முகத்தை மூடிவைத்திருக்கும்போது போய்ப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், எரிச்சல்படாதே. கம்பளி போன பிறகு, கடைசியாக நாம் போனில் சண்டை போட்டோமே, அப்போது உன் பின்னால் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்பில் இரும்பு படுகிற சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. யாரோ கூப்பிடுகிறார்கள், போய்ப் பார் என்றேன். எல்லோரும் போய்விட்டார்கள், நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்றாய். அதற்குப் பிறகுதான் நீ கத்த ஆரம்பித்தாய்.

கம்பளி இறந்த அந்த மூன்றாம் அறைக்குள் இப்போது யார் போகிறார்கள்? வெளியே யாராவது நிற்கிறார்களா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்.

தங்கை

மார்ச் 24

தங்கைக்கு,

அந்தக் கேள்விகளுக்கு நான் எழுதிய பதிலை என் முகத்தில் எறிந்துவிட்டாய். நல்லது. ஆனால் இதைப் புரிந்துகொள். அது அரசாங்கத்துக்கு எழுதியது, உனக்கு எழுதியது இல்லை. வரி கேட்கிறவனிடம் போய் எந்த வியாபாரியாவது நான் இன்னாரின் வயிற்றில் அடிப்பேன் என்று எழுதிக் கொடுப்பானா? கௌரவமாக நாலு வார்த்தை எழுதி அனுப்பினோம். சங்கத்தில் ஒருத்தர் சொன்னார், நாம் எல்லோரும் இப்படி எழுதினால் நல்லவர்கள் என்று மனமிரங்கி ஏற்றாமல் விடுவார்கள் என்று. அவர் பேச்சைக் கேட்டு எல்லோரும் வீராப்பாக எழுதினோம். நீங்கள் என்னடாவென்றால், தாங்குகிறேன் என்கிறார்களே, அப்படியானால் ஏற்றுவோம் என்று ஏற்றிவிட்டீர்கள். உன் படிப்புக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு தடவை எனக்கு போன் போட்டு, அண்ணா, நிஜமாக என்ன செய்வாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது சொல்கிறேன். வரி ஏறியதும் முதலில் சரக்கு வைக்கிறவர்களின் வாடகையை ஏற்றிப் பார்த்தேன். மீன் வியாபாரி அடுத்த வாரமே பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கிடங்குக்குச் சரக்கை மாற்றிவிட்டான். கெஞ்சி, பழைய வாடகைக்கே திரும்பக் கொண்டுவந்தேன். மின்சாரக்காரனிடம் குறைக்கச் சொல்ல முடியுமா? வங்கியிடம் முடியுமா? கிடங்கு நிற்கிற இடத்தின் வாடகையைக் குறைக்கச் சொல்லி இடத்துக்காரரிடம் போய் நின்றேன். டீ கொடுத்தார். என் லாபத்தில் எடுத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்ச நாள் எடுத்தேன். அப்புறம் கம்ப்ரஸர் கடன் தவணை நின்றது.

வரி என்பது கைமாற்றி விடுகிற மூட்டை. ஒவ்வொருத்தனும் தோளைச் சாய்த்துப் பக்கத்தில் இருப்பவன் மேல் தள்ளுவான். யாருக்கு நகர இடம் இருக்கிறதோ அவன் தப்பிப்பான். எவனுக்குப் போக வேறு இடமே இல்லையோ அவன் தோளில் போய் நிற்கும். சரக்குக்காரனுக்கு வேறு கிடங்கு இருக்கிறது. வங்கிக்கு வேறு ஆள் இருக்கிறான். தட்டுக்காரருக்கு இந்தக் கதவை விட்டால் வேறு கதவு கிடையாது. அவர் மேல் நின்றது.

அவருடைய வேலை என்ன? ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். குளிரறைச் சுவருக்குள் ஒரு சாண் அடைப்பு இருக்கிறது, உள்ளிருந்து கத்தினால் வெளியே எறும்புக்குக்கூடக் கேட்காது. தண்ணீர் வடிகிற இரும்புக் குழாய் மட்டும்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அவர் அதில் ஸ்பானரால் மூன்று தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டினால் நலம் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் கதவைத் திறந்து ஓட வேண்டும். நாள் முழுக்க இதுதான். கடன் அழுத்துகிறபோது ஒரு முதலாளி இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்குச் சம்பளமா என்று தோன்றும். கம்பளியும் சொன்னார், "கதவுதான் உள்ளேயிருந்து தள்ளினா தொறக்குதே முதலாளி, நான் பாத்துக்கறேன்." தட்டுக்காரரை நிறுத்தினேன்.

மற்றது உனக்குத் தெரிந்ததுதான். மேலே அடுக்கிய பெட்டி சரிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டது. கதவு பக்கத்தில்தான் இருந்தது, போக முடியவில்லை. அந்த மத்தியானம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வரி கட்டுகிற இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஏற்றுகிற ஆட்கள் தெருமுனையில் லாரியோடு இருந்தார்கள். சாயங்காலம் பூட்ட வந்தவன் நான்தான்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. குழாயின் உள்பக்க முனை அவர் கைக்கு எட்டியிருக்கிறது. பக்கத்தில் பெட்டி இழுக்கிற இரும்புக் கொக்கி கிடந்தது. குழாயில் பெயின்ட் முழுக்கப் போய் இரும்பு பளபளவென்று இருந்தது, நசுங்கல் மேல் நசுங்கல். எல்லாம் ஜோடி ஜோடியாக. எத்தனை நேரம் தட்டினாரோ. நாங்கள் இத்தனை வருஷத்தில் உள்ளே இருப்பவன் கூப்பிடுவதற்கென்று ஒரு தட்டு வைக்கவே இல்லை. வெளியே இருப்பவன் கேட்பான், உள்ளே இருப்பவன் பதில் சொல்வான், அதுதான் பழக்கம். அவருக்குத் தெரிந்தது பதில் மட்டும்தான். காலை நசுக்கிக்கொண்டு கிடக்கும்போதும் நலம், நலம் என்றே தட்டியிருக்கிறார்.

போனில் நீ கேட்டது அதுதான். இப்போதும் கேட்கிறது. உள்ளே ஆள் இல்லாதபோது. குழாய் குளிரில் சுருங்குகிற சத்தம் என்றான் கம்ப்ரஸர் மெக்கானிக். குழாயையே மாற்றினேன். புதுக் குழாயிலும் கேட்கிறது. நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். யாரும் எதுவும் கேட்காமல் பதில் மட்டும் வந்துகொண்டே இருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

ஏற்றுகிற ஆட்கள் மூன்றாம் அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. கம்பளியின் மகளைக் கட்டியவருக்கு வேலை கொடுத்திருக்கிறேன். எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிறோம். அவர்தான் உள்ளே போகிறார். பயமில்லையா என்று கேட்டேன். "மாமா கூடவேதான இருக்காரு, எனக்கென்ன பயம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கேட்டதற்கு நேரான பதில்: வெளியே யாரும் இல்லை.

அண்ணன்

ஏப்ரல் 5

அண்ணா,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு கூட்டங்களுக்குப் போய்வந்துவிட்டேன். வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் படித்துவிடுவேன் என்று பயம்.

நேற்றைய கூட்டத்தில் தலைவர் பேனாவால் மேசையைத் தட்டினார், அமைதி, அமைதி என்பதற்காக. இரண்டு தடவை. நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் எடுக்க எழுந்ததுபோல் போய்த் தண்ணீர் குடித்தேன்.

நீ மூட்டை என்று எழுதியதை எங்கள் ஆட்கள் வேறு வார்த்தைகளில், படம் போட்டு, பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கும் அது பாடத்தில் இருந்தது. யாரால் விலக முடியாதோ அவர்மேல் நிற்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த இடத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும், அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரை எடுத்துவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருப்பார் என்று படத்தில் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். தட்டுக்காரர் சாப்பிடப் போகும்போது என்னைத் தட்டச் சொல்வார். பதில் வந்தால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

வரிக் குறைப்பு முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் அமலுக்கு வருகிறது. நீ வேண்டாம் என்றாலும் இது உனக்கு நல்ல செய்திதான், இந்தத் தடவை நீ நல்ல செய்தியாக ஆக்கினால். கையில் மிச்சமாகிற பணத்தில் முதல் வேலையாகக் கதவுக்கு வெளியே ஓர் ஆளைப் போடு. தட்டுக்காரரையே கூப்பிடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. மாப்பிள்ளை தினமும் உள்ளே போகிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் அப்பாவைக் கொடுத்தது போதாதா?

இன்னொன்று. குழு முன்னால் வியாபாரிகள் வந்து சொல்ல ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். வா. வரி ஏறியபோது என்ன நடந்தது என்று எனக்கு எழுதியதை அப்படியே சொல். இறுதி அறிக்கையில் நான் அந்தப் பழைய வாக்கியத்தைத் திருத்த வேண்டும். காற்றில் திருத்த முடியாது, ஒருத்தர் வாயால் சொல்ல வேண்டும்.

தங்கை

மே 19

தங்கைக்கு,

உன் வரிக் குறைப்பு அமலுக்கு வந்தது. அது எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனது என்று கேள்.

முதலில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கிடங்குக்காரன் வாடகையைக் குறைத்தான். அவனுக்கு ஊரெல்லாம் கிடங்கு, சலுகை மொத்தமாகக் கிடைக்கிறது, குறைக்கிறான். அன்று மாலையே மீன் வியாபாரி என் முன்னால் வந்து உட்கார்ந்தான். மீசையைத் தடவிக்கொண்டே இருந்தான். நானும் குறைத்தேன். மிச்சம் பாதி இருந்தது. இரண்டு நாள் கழித்து இடத்துக்காரர் வந்தார். இந்தத் தடவை டீயை அவரே சொன்னார். "வரி கொறஞ்சிருச்சாமே, பேப்பர்ல பாத்தேன். நமக்கும் ஏதாவது பாத்துச் செய்யுங்க" என்றார். ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. குளிரறையைச் சுருட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா? மிச்சப் பாதியும் அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

வரி ஏறியபோது சுமை கீழே இறங்கியது. வரி இறங்கியபோது சலுகை மேலே ஏறியது. இரண்டு தடவையும் என் கிடங்கு வழியாகத்தான் போனது. நான் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன்.

நீ சொன்னாயே என்று தட்டுக்காரரிடமும் போனேன். கடனையாவது வாங்கிச் சம்பளம் கொடுப்போம் என்றுதான் போனேன். ஒரு பெரிய அடுக்குமாடி வாசலில் காவல் உட்கார்ந்திருக்கிறார். பேசும்போது விரல் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, அவருக்கே தெரியாமல். மூன்று, மூன்றாக. சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினார்.

"பணத்துக்காக இல்ல முதலாளி. நான் வந்து தட்டினா கம்பளிதான் பதில் சொல்வாரு. எப்படி இருக்கீங்கன்னு நான் கேக்கணும், நல்லா இருக்கேன்னு அவர் சொல்லணும். அதக் கேட்டுக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா?"

வந்துவிட்டேன். கடன் கொடுக்கிறேன் என்றவனும் புது ஒப்பந்தத்தின் வாடகையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டான்.

குழு முன்னால் வரச் சொன்னாய். வர மாட்டேன். வந்து சொன்னால் மறுநாள் வங்கிக்காரன், மீன்காரன், இடத்துக்காரர் எல்லோரும் பேப்பரில் படிப்பார்கள். நான் நொடித்துப்போனேன் என்று ஊருக்கே பறையடித்ததாகிவிடும்.

அண்ணன்

மே 27

அண்ணா,

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு நீ மீன்காரன் மீசையை எழுதியிருக்கிறாய்.

வெளியே இன்னும் யாரும் இல்லை. அப்படித்தானே? மாப்பிள்ளை இன்னும் தனியாகத்தான் உள்ளே போகிறார். காசு வந்த வழியும் போன வழியும் அழகாகச் சொல்கிறாய். உன்னைப் போல் அதைச் சொல்ல எங்கள் குழுவில் ஆளே இல்லை. ஆனால் எல்லோரும் கைமாற்றிவிட்டார்கள், நான் மட்டும் என்ன செய்ய என்று முடிக்கிறாய். நானும் அப்படித்தான் முடித்தேன், ஒரு வாக்கியத்தில். நம் இருவருக்கும் என்ன வித்தியாசம்?

தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு புகார் எழுதியிருக்கிறேன். உன் கிடங்கின் மேல். குளிரறைக்கு வெளியே ஆள் இல்லாமல் உள்ளே ஆள் அனுப்புகிறார்கள் என்று. கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன், தங்கை என்றும் போட்டிருக்கிறேன். உறை ஒட்டி மேசைமேல் இருக்கிறது. அது போனால் அவர்கள் வந்து மூன்றாம் அறையைப் பூட்டுவார்கள், உனக்கு அதோடு முடிந்தது, எனக்குத் தெரியும். அண்ணி என்னிடம் இனி பேச மாட்டாள். அதுவும் தெரியும்.

உன் பதில் வரும்வரை வைத்திருப்பேன். பதில் வராவிட்டால், நம் கிடங்கில் என்ன வழக்கமோ அதைச் செய்வேன். கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவேன்.

தங்கை

ஜூன் 4

தங்கைக்கு,

இதைக் கிடங்கிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணல் என்று சொல்லாதே, மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன். நடுநடுவே இடைவெளி விழுந்திருக்கும், அதற்குக் காரணம் பின்னால் வரும்.

உன் கடிதம் வந்த அன்று கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளை மாதிரி தூக்கி வளர்த்தவன்மேல் புகாரா என்று உன் அண்ணியிடம் குதித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "போடட்டுமே. நீங்கதான் பதில் சொல்லாம உக்காந்திருக்கீங்க" என்றாள். அவளும் உன் கட்சி.

மறுநாள் மாப்பிள்ளை உள்ளே போனார். நான் அலுவலக அறையில் இருந்தேன். குழாயில் இரண்டு தட்டு கேட்டது. பழக்கமாகிப்போன சத்தம்தானே என்று பேனாவைக் கீழே வைக்கவில்லை. மறுபடி இரண்டு. அப்போதுதான் தோன்றியது. இது கம்பளியா, மாப்பிள்ளையா? உள்ளே ஒருத்தர் உயிரோடு இருக்கிறார், ஒருத்தர் இல்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தட்டுவார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நாற்காலி விழ எழுந்து ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை பெட்டிமேல் நின்றுகொண்டு சரக்கைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "என்ன முதலாளி, குளிரு வெளிய போகுது, கதவச் சாத்துங்க" என்றார். நீ தட்டினாயா என்று கேட்டேன். "நான் எங்க தட்டினேன், கை ரெண்டுலயும் பெட்டி இருக்கே" என்றார்.

கதவைச் சாத்தினேன். அலுவலக அறைக்குத் திரும்பிப் போகவில்லை. உட்கார வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அந்த ஸ்டூல் அப்படியே இருந்தது, தூசியோடு. உட்கார்ந்தேன். ஸ்பானர் அதே சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மூன்று தட்டினேன்.

அன்றிலிருந்து நான்தான் வெளியாள்.

காலையில் அலுவலக வேலையைப் பார்த்துவிடுகிறேன், மாப்பிள்ளை உள்ளே போகும் நேரத்தில் இங்கே வந்துவிடுகிறேன். மீன்காரன் பேச வேண்டுமென்றால் இங்கே வந்து நின்றுகொண்டு பேசுகிறான். முதல் நாள் சிரித்தான். நடுவில் நான் தட்டிவிட்டு, பதில் வரும்வரை கையை உயர்த்தி அவன் வாயை மூட வைத்தேன். அப்புறம் சிரிப்பதில்லை. இடத்துக்காரரும் வந்தார். முதலாளி இப்படி உட்காரலாமா என்றார். ஆள் போட என்னிடம் இருந்ததை உங்களிடம்தானே கொடுத்திருக்கிறேன் என்றேன். டீ வேண்டாம் என்று போய்விட்டார். சரக்கு வைக்கப் புது வாடகைக்காரர்களைத் தேடி வெளியே அலைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இப்போது இந்த ஸ்டூலுக்குப் போகிறது. புதுச் சரக்கு பிடிக்க முடிவதில்லை. கிடங்கு பெருகாது. இப்படியே ஓடினால் ஓடும்.

உள்ளிருந்து கூப்பிட ஒரு தட்டும் வைத்துவிட்டோம். விடாமல் தட்டினால் ஓடிவா என்று அர்த்தம். மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லும்போது சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தமாகத்தான் சொன்னேன். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்கும் கேட்கட்டும் என்று. இத்தனை பிந்திச் சொல்லி என்ன பயன் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை.

உன் வாக்கியத்தை இப்போது நீ மாற்ற வேண்டியதில்லை. நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினாய், ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதுகு வலியோடு, ஸ்பானரோடு, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இது மற்ற கிடங்குகளில் நடக்காது. அங்கே முதலாளிக்குத் தங்கை இல்லை, குழாயும் சத்தம் போடுவதில்லை. அதனால் மாற்று. குழு முன்னால் வருகிறேன். நாளைச் சொல், அன்றைக்கு மூன்றாம் அறையை மூடிவிட்டு வருகிறேன். நொடித்தேன் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். அந்த உறையைக் கிழிப்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். வைத்திருந்தாலும் கோபப்பட மாட்டேன். எனக்கும் வெளியே ஒரு ஆள் இருப்பது நல்லதுதான்.

இன்னும் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உன் அண்ணியிடம் சொல்லவில்லை. தட்டுக்காரர் சொன்னது சரி. மூன்று தட்டினால் மாப்பிள்ளை இரண்டு தட்டுகிறார். அது பக்கத்திலிருந்து, கணீரென்று வருகிறது. கொஞ்சம் பொறுத்து, உள்ளே ஆழத்திலிருந்து, இன்னும் இரண்டு வருகிறது. நான் கேட்டால்தான் இப்போது வருகிறது. கேட்காதபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

முதல் இரண்டு வந்ததும் மாப்பிள்ளை நலம் என்று தெரிந்துகொள்கிறேன். பேனாவை எடுக்காமல் அடுத்த இரண்டுக்கும் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அங்கங்கே நீ பார்க்கிற இடைவெளியெல்லாம் அதுதான்.

அண்ணன்